வழக்குப் போட மாட்டேன்

ஆல்டர் பெண்ட்
பிப்ரவரி 11, 2024

அன்புள்ள கொரின் அக்காவுக்கு,

ஈடித் எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? நீதிமன்றப் படிகளை இன்னும் கைப்பிடியைத் தொடாமல்தான் ஏறுகிறாயா? டெக்ஸ்டர் அத்தானுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் வருவதில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு ரூத்தி ஓல்சன் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது, முதல் பிள்ளை, பதினெட்டாவது வாரம். பனிக்குடம் உடைந்து நீரெல்லாம் போய்விட்டது. இனி அந்தப் பிள்ளை பிழைக்க வழியில்லை, அவளிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் இதயத் துடிப்பு இருந்தது. துடிப்பு இருக்கும்போது கருவைக் கலைத்தால் இந்த மாநிலத் தடைச் சட்டப்படி நான் குற்றவாளி. மருத்துவமனை வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"தாயோட உயிருக்கு ஆபத்துன்னாதான் சட்டம் விடும் டாக்டர். இப்ப ஆபத்து இருக்கா?" என்றார்.

இன்னும் இல்லை, நிச்சயம் வரும் என்றேன்.

"அப்ப வரட்டும்" என்றார்.

வந்தது. முப்பத்தொரு மணி நேரம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் ஏறுவதற்காகக் காத்திருந்தேன். காய்ச்சல் இறங்கக் காத்திருப்பதுதான் நான் படித்த படிப்பு. நூற்றுநான்கைத் தொட்டதும் அனுமதி கிடைத்தது. அதற்குள் நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அடுத்த பிள்ளைக்கு எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பது. இனிப் பிள்ளை இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் வந்த வருஷம் நீ நீதிமன்றப் படியில் நின்று, "டன்மோர் மாவட்ட அரசு வழக்கறிஞரா நான் இருக்கறவரைக்கும் இதுக்காக ஒரு டாக்டர் மேலயும் வழக்குப் போட மாட்டேன்" என்று சொன்னாய். எங்கள் கேண்டீன் டிவியில் பார்த்து நான் கைதட்டினேன். அதை வக்கீலிடம் நினைவுபடுத்தினேன். "உங்க அக்கா நல்லவங்கதான். அவங்க பேச்ச நம்பி நான் ஆஸ்பத்திரிய அடகு வைக்க முடியுமா?" என்று சிரித்தார்.

நான் நம்பலாமா என்பதை நீயே எழுது. அடுத்த ரூத்தி எந்த நாளும் வரலாம்.

உன் தங்கை,
ஈடித்


ஹேவர்டன்
பிப்ரவரி 20, 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெண்ணை நினைத்து அத்தான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நாங்கள் நலம். முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். தேர்தல்வரை தாங்கினால் போதும்.

நீ காகிதத்தில் எழுதியது நல்லது. இனிமேலும் அப்படியே செய். என் அலுவலக மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கைபேசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை வைத்து எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்குச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. ஆளுநர் மாளிகையிலிருந்து மிரட்டல் வந்தது, மாற்றவில்லை. என்னைப் பதவியிலிருந்து நீக்க மனுப் போட்டார்கள், தள்ளுபடியானது. இந்த மாவட்டத்தில் எந்த மருத்துவர் மீதும் இந்தச் சட்டத்தின்படி நான் வழக்குத் தொடர மாட்டேன். எங்கள் ஆட்களின் நேரம் கொலைக்கும் கொள்ளைக்குமே போதவில்லை.

நவம்பர் தேர்தலில் இதே பதவிக்கு மறுபடி நிற்கிறேன். ஜெயிப்பேன். தூக்க மாத்திரை போடாதே. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
கொரின்


ஆல்டர் பெண்ட்
மார்ச் 3, 2024

அக்கா,

நலமாக இருக்கிறேன். ஊசி வேலை செய்கிறதா?

உன் கடிதத்தில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நான் உன்னிடம் பொதுவாகக் கேட்கவில்லை. நான், ஈடித், இங்கே ஒரு பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்று வை. என் பெயர் போட்டு ஒரு புகார் உன் மேசைக்கு வருகிறது. நீ அதை எடுத்து என்ன செய்வாய்? படிப்படியாகச் சொல்லு.

ரூத்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பரிசோதனைக்கு வரச் சொன்னேன். வரவில்லை.

ஈடித்


ஹேவர்டன்
மார்ச் 26, 2024

அன்புள்ள ஈடித்,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு சாயங்காலமும் ஏதாவது ஒரு கூட்டம். போன செவ்வாய் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. இருநூறு பேருக்குக் கை கொடுத்ததில் மோதிர விரல் வீங்கிவிட்டது.

நீ கேட்டதற்கு: முதலில், புகார் வராது. எந்த நர்ஸ் உன்மேல் புகார் எழுதுவாள்? பாதி ஊருக்கு நீதான் பிரசவம் பார்த்திருக்கிறாய். வராத ஒன்றை நினைத்து ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு வந்துவிடு. அத்தான் பன்றித்தொடை வாட்டுகிறார். அறுபது மைல் ஒரு தூரமா? நேரில் பேசுவோம்.

கொரின்


ஆல்டர் பெண்ட்
ஏப்ரல் 19, 2024

அன்புள்ள அக்கா,

உனக்கும் அத்தானுக்கும் என் அன்பு. ஈஸ்டர் விருந்துக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது. செய்துவிட்டேன்.

டானா ரிட்டர் என்று ஒருத்தி, முப்பத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு, பேருந்தை நிறுத்திவிட்டு, அப்படியே எங்களிடம் வந்தாள். பத்தொன்பதாவது வாரம். ரூத்திக்கு நடந்ததேதான். நீர் போய்விட்டது, துடிப்பு இருக்கிறது, காய்ச்சல் இல்லை.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். காத்திருந்தால் என்ன ஆகும், தடை இல்லாத பக்கத்து மாநிலத்துக்குப் போவதென்றால் ஒன்பது மணி நேரம், வழியில் ரத்தப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும். அவள் அழவில்லை.

"எனக்கு வீட்ல ரெண்டு இருக்கு டாக்டர். நான் போயிட்டா அதுங்கள யாரு பாப்பா? எங்க வீட்டுக்காரரு எண்ணெய்க் கிணத்துல இருக்காரு, மாசத்துல பத்து நாள்தான் வீட்டுக்கு வருவாரு" என்றாள். பிறகு, "நீங்க பண்ணுனா உங்களுக்கு ஆபத்தா?" என்று கேட்டாள்.

அப்போது எனக்கு உன் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. நீ தட்டைக் கழுவ, நான் துடைக்க, மூன்றாவது முறையாக உன்னிடம் அதையே கேட்டேன். நீ குழாயை நிறுத்திவிட்டு, "நான் சொன்னா சொன்னதுதான் ஈடித். நீ உன் வேலையப் பாரு" என்றாய்.

"எங்க அக்கா வாக்குக் குடுத்திருக்கா" என்று டானாவிடம் சொன்னேன்.

வக்கீலைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். என்ன செய்தேனோ அதை அப்படியே மருத்துவக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதினால் தப்பு செய்தவள் போலாகிவிடும். இரண்டாம் நாள் டானா நடந்து வீட்டுக்குப் போனாள். இந்தத் திங்களிலிருந்து மறுபடி பேருந்து ஓட்டுகிறாள். மருத்துவமனை வாசலைக் கடக்கும்போது ஹாரன் அடித்தாள்.

நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

உன்,
ஈடித்


ஹேவர்டன்
மே 2, 2024

என் ஈடித்,

உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. இவ்வளவு துணிச்சல் உனக்கு உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இதையே நான்கு தாளில் எழுதிக் கிழித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதே.

கொரின்


ஹேவர்டன்
ஜூன் 14, 2024

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முழங்கால் வலி போய் இடுப்பு வலி வந்திருக்கிறது. அத்தான் புதுச் செருப்பு வாங்கித் தந்து, "ஓட்டுக் கேக்குறவங்க ஓடவும் தெரிஞ்சிருக்கணும்" என்று கிண்டல் செய்கிறார்.

இந்த வருஷம் பீச் நல்ல விளைச்சல். ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மேலே இருப்பவை பழுத்தவை, முதலில் அவற்றைச் சாப்பிட்டுவிடு.

நீ விடுப்பு எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது? ஒரு மாதம் மலைப் பக்கம் எங்காவது போய்விட்டு வாயேன். வேறு மாநிலமாக இருந்தால் இன்னும் நல்லது, குளிர்ச்சியாக இருக்கும். இன்னொன்று. ஹேவர்டனில் மிரியம் காஸ் என்று ஒரு வக்கீல் அம்மாள் இருக்கிறார். மருத்துவர்கள் வழக்கில் கெட்டிக்காரர். உன் வயதுக்கு ஒரு வக்கீலைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
கொரின்


ஆல்டர் பெண்ட்
ஜூன் 23, 2024

அன்புள்ள அக்கா,

பீச் வந்தது. நர்ஸ்கள் பாதியைத் தின்றுவிட்டார்கள். மீதியை நான் தின்றேன். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாற்காலியில் குஷன் வைத்து உட்கார்.

மலைக்கு எங்கே போவது? பிரசவம் பார்க்க இங்கே இரண்டே பேர்தான், நானும் டாக்டர் பெக்கும். ஜூலையில் பதினோரு பேருக்கு நாள் குறித்திருக்கிறது. வக்கீல் அம்மாள் எதற்கு? என் வீட்டிலேயே ஒரு வக்கீல் இருக்கிறாளே.

ஈடித்


ஆல்டர் பெண்ட்
ஜூலை 17, 2024

கொரின்,

நேற்றுப் பகல் பதினோரு மணிக்கு இரண்டு விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். வெளிநோயாளி அறையில் ஆறு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் என் பெயரை உரக்கப் படித்து, என்மேல் விசாரணை என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அடியில் வெஸ் புரூடர் கையெழுத்து. அவர் பெல்டன் ரிட்ஜ் மாவட்டத்து அரசு வழக்கறிஞர் அல்லவா, இங்கே இவருக்கு என்ன வேலை, ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "எங்க மாவட்டத்துக்கு எங்க அக்காதான்" என்றேன்.

"அவங்கதாம்மா விலகிட்டாங்க" என்றார் அந்த ஆள். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நீ கொடுத்த எண்ணில் மிரியம் காஸைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். புகார் கொடுத்தது நர்ஸ் இல்லை. மருத்துவமனை நிர்வாகமே, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, என் குறிப்பைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறது. மே கடைசியில் உன் மேசைக்கு வந்தது. சொந்தத் தங்கை மீதான புகாரை அக்கா விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். தள்ளுபடி செய்யவும் கூடாது. விலகிக்கொண்டு நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு மாவட்டத்து ஆளை நியமிப்பார். நீ விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நாள் ஜூன் ஆறு. பீச் அனுப்பியதற்கு எட்டு நாள் முன்னால்.

மிரியத்திடம் ஒன்று கேட்டேன். டானாவை டாக்டர் பெக் பார்த்திருந்தால்? "ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க அக்கா புகார மடிச்சு வெச்சிருப்பாங்க. அவங்க வாக்கு எல்லாருக்கும் செல்லும், உங்களுக்கு மட்டும் செல்லாது" என்றார். வக்கீல்களுக்கு இதெல்லாம் பாலபாடம் என்றும் சொன்னார்.

பாலபாடம் என்றால் நீதிமன்றப் படியில் நின்றபோதே உனக்குத் தெரிந்திருக்கும். பிப்ரவரியில் கடிதம் எழுதியபோது தெரிந்திருக்கும். குழாயை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தபோதும் தெரிந்திருக்கும். தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் எழுது. உடம்பு விசாரிப்பெல்லாம் வேண்டாம்.

ஈடித்


ஹேவர்டன்
செப்டம்பர் 29, 2024

ஈடித்,

பத்து வாரமாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வழக்கு நடத்தலாமா என்று முடிவு செய்யும் ஜூரியில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் உன்மேல் குற்றம் சாட்டலாம் என்று கை தூக்கியதாகப் பத்திரிகையில் படித்தேன். அதற்குப் பிறகும் எழுதாமலிருந்தால் நான் மனுஷியில்லை.

தெரியும்.

அன்றைக்குப் படியிலிருந்து இறங்கியதும் என் உதவியாளர் காதில் சொன்னார்: "மேடம், உங்க தங்கச்சி இந்த மாவட்டத்துலதான டாக்டரா இருக்காங்க? அவங்க விஷயத்துல இது செல்லாதே." தெரியும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்ன கேட்பாய் என்பதும் தெரியும். சொந்தத் தங்கையையே காப்பாற்ற முடியாத வாக்கை வைத்துக்கொண்டு என்ன ஊர்வலம் என்று கேட்பாய். அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து கேட்க எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ செய்யமாட்டாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நீ விதியை மீறாதவள். கேட்பாய், புலம்புவாய், காத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். ஈஸ்டர் அன்று நான் சொன்னது உனக்கு ஆறுதலுக்கு. அதை எடுத்துக்கொண்டு நேரே போய் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவாய் என்று நான் எண்ணவில்லை.

புகார் வந்ததும் அதை இழுப்பறையில் பூட்டியிருக்கலாம். பூட்டியிருந்தால் என்னை நீக்கியிருப்பார்கள், எனக்குப் பின் வருகிறவர் உன்னையும் மற்றவர்களையும் சேர்த்தே பிடித்திருப்பார். ஆறு நாள் யோசித்தேன். சட்டப்படி நான் செய்தது சரி. இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

நான் ராஜினாமா செய்தால் உனக்கு ஏதாவது பயன் உண்டா என்று மிரியத்தைக் கேட்டேன். இல்லை என்றார். உண்டு என்றால் செய்திருப்பேன் என்று நீ நம்ப வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு என்று எழுத வந்தேன். அதைச் சொல்லும் உரிமை இனி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை.

கொரின்


ஆல்டர் பெண்ட்
நவம்பர் 10, 2024

அக்கா,

நீ ஜெயித்துவிட்டாய் என்று செய்தியில் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். "நாலு வருஷத்துல ஒரு டாக்டர் மேலகூட வழக்குப் போடல" என்று மேடையில் சொன்னாய். உண்மைதான். போட்டவர் வெஸ் புரூடர்.

என் விஷயம் போன வாரம் முடிந்தது. உரிமத்தை ஒப்படைத்து, இந்த மாநிலத்தில் இனி மருத்துவம் பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வழக்கைக் கைவிடுவதாகப் புரூடர் சொன்னார். வழக்காடினால் ஜெயிக்கலாம், தோற்றால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம் என்றார் மிரியம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கையெழுத்து. இரண்டு பேரும் கடைசி எழுத்தைக் கீழே இழுக்கிறோம்.

டானா சாட்சி சொல்லத் தயாராக இருந்தாள். அதற்கு வேலையில்லாமல் போனதும் வீட்டுக்கே வந்தாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. "நான்தான் உங்கள மாட்டிவிட்டுட்டேன் டாக்டர்" என்று வாசலிலேயே நின்றாள். இல்லை என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். சின்னவன் என் சோபாவில் ஏறிக் குதித்தான். அவர்கள் போன பிறகு அந்த சோபாவையும் விற்றுவிட்டேன். டாக்டர் பெக் இனித் தனியாகப் பிரசவம் பார்க்க மாட்டேன் என்கிறார். பிரசவ வார்டுக்குக் கிறிஸ்துமஸோடு பூட்டு. ஆல்டர் பெண்ட் பெண்கள் இனி உன் ஊருக்கு அறுபது மைல் வர வேண்டும்.

புதன்கிழமை நியூ மெக்சிகோவுக்குக் கிளம்புகிறேன். அங்கே ஒரு கிளினிக்கில் வேலை இருக்கிறது. முகவரி தரப் போவதில்லை. கொஞ்ச காலத்துக்கு உன் கையெழுத்தைப் பார்க்க முடியாது என்னால்.

நான் காத்திருப்பேன் என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். ரூத்தி விஷயத்தில் காத்திருந்தேன். நீ நினைத்தது தப்பில்லை.

போவதற்கு முன் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். வாக்குச்சாவடிக்கு நானும் போனேன். அரசு வழக்கறிஞர் பதவிக்கு இரண்டு பெயர். எதிராளி, முதல் நாளே மருத்துவர்களைப் பிடிப்பேன் என்று நோட்டீஸ் அடித்தவன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கிற அளவுக்கு அந்தப் பெட்டி முன்னால் நின்றேன். கடைசியில் உனக்குத்தான் போட்டேன். உன்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்ளாதே. இந்த மாவட்டத்தில் உனக்குத் தங்கையல்லாத பிரசவ மருத்துவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஈடித்